ஐந்தாவது எழுத்து, ஆறாவது எழுத்து

குமாசி நகரத்து டாஃபோவில் யாவ் சார்ப்பொங் கட்டிய வீட்டில் அந்த நாட்களில் ஒருத்தரும் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. மழை வேறு. பெய்யும், நிற்கும், சனியன் மறுபடி பிடித்துக்கொள்ளும். மரவள்ளிக்கிழங்கை ஃபூஃபூவாக இடிக்கிற உரலைக் கூரைக்குக் கீழே இழுப்பதும் முற்றத்துக்குத் தள்ளுவதுமே பெண்களுக்கு வேலையாகப் போயிற்று. வீட்டைக் கட்டிய யாவ், ஹாம்பர்க்கில் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன், மார்வலி வந்து அங்கேயே செத்துவிட்டான். உடம்பு அங்கே குளிர்பெட்டியில் கிடந்தது. சொந்தபந்தம் எல்லாம் இங்கே கிடந்து தவித்தது.

நான் அந்த வீட்டு முற்றத்தில் மூலை அறையில் வாடகைக்கு இருக்கிற தையல்காரி. தாவியா என்று பேர். ஆனால் குமாசியில் தையல்காரி என்றால் பாதிரியாருக்கும் ‘மாடம்’தான், பால்குடி மறந்த பிள்ளைக்கும் ‘மாடம்’தான். சாவுக்குக் குடும்பமே ஒரே துணியில் நிற்க வேண்டும் என்று கறுப்பும் சிவப்புமாகக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து என் அறையில் இறக்கியிருந்தார்கள். என் தையல் இயந்திரம் ஜன்னலோரம். ஜன்னல் முற்றத்தைப் பார்த்து. ஒட்டுக் கேட்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கத்திப் பேசுகிறவர்கள் குற்றமா, காது இருக்கிறவள் குற்றமா?

அந்த வீட்டில் மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும். பொன்சு மாமா, யாவின் தாய்மாமன், குடும்பத் தலைவர். எங்கள் பக்கம் பிள்ளை தாய்வழிக்குத்தான் சொந்தம். செத்த பிறகு உடம்பும் அப்படியே. மாமன் தேதி வைத்தால்தான் குழி வெட்டுவார்கள். இரண்டாவது செர்வா, யாவின் அக்கா. கெஜெட்டியா சந்தையில் சுட்ட மீன் விற்கிறவள்; அவள் மெதுவாகப் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். மூன்றாவது அராபா, யாவின் பெண்டாட்டி. கேப் கோஸ்ட்காரி, கடற்கரை ஊர்ப் பெண். அடூமில் ஒரு வங்கியில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகிற மேஜையில் வேலை.

அவள் வேலை செய்கிற அழகை நான் பார்த்திருக்கிறேன். லோமேயில் ஒரு துணிக்காரனுக்குப் பணம் அனுப்ப ஒருமுறை அவளிடம் போனேன். உலகத்தில் ஒவ்வொரு வங்கிக்கும் எழுத்துகளால் ஓர் அடையாளக் குறி உண்டாம். அதைத் தாளில் வைத்து, ஒவ்வொரு எழுத்தின் மேலும் ஆள்காட்டி விரலை அழுத்தி அழுத்தி நகர்த்தினாள். “மொத நாலு எழுத்து வங்கி, மாடம். அஞ்சாவதும் ஆறாவதும் நாடு. அதுக்கு அப்புறம் ஊரு. ஒரு எழுத்து இடம் மாறினாலும் உங்க காசு ஊர் சுத்தப் போயிடும்” என்றாள். கடைசி எழுத்து வரைக்கும் போய்விட்டு விரலை எடுத்தாள். “சரியா இருக்கு. அனுப்பலாம்.” அப்புறம்தான் முத்திரை குத்தினாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பல்லைக் கடித்தார்கள். அவள் கண்டுகொள்ளவே இல்லை.

யாவ் செத்த சேதி வந்ததும் அராபாதான் ஹாம்பர்க்கில் உடம்பை அனுப்பிவைக்கிற கம்பெனியைத் தேடிப் பிடித்துப் பேசினாள். அங்கேதான் முதல் கோணல். “மாமன், அக்கா எல்லாம் எங்களுக்குக் கணக்கில்லை, கட்டிய பெண்டாட்டி கையெழுத்துப் போட வேண்டும்” என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அராபா கல்யாணச் சான்றிதழை அனுப்பி, கையெழுத்தும் போட்டு, முன்பணமும் அனுப்பினாள். பொன்சு மாமாவுக்கு அது பொறுக்கவில்லை.

“என் தங்கச்சி வயித்துல பொறந்தவன் உடம்பு. அதுக்குக் கேப் கோஸ்ட்காரி கையெழுத்தா?” என்று முற்றத்தில் நின்று கத்தினார்.

“அங்க சட்டம் அப்படி, மாமா. நானா எழுதுனேன்?” என்றாள் அராபா.

“உனக்கு அது வசதியாப் போச்சு!”

அந்தக் கோபம் சுவரொட்டியில் வந்து முடிந்தது. சாவுச் சுவரொட்டி இல்லாமல் எங்கள் ஊரில் சாவு உண்டா? ஆள் உயரத்துக்கு அடித்தார்கள். மேலே கோட்டுப் போட்ட யாவ். கீழே குடும்பத் தலைவர் பொன்சு, அக்கா செர்வா, அப்புறம் தம்பிமார், மருமகன்மார் என்று வரிசையாகப் பேர்கள், பக்கத்தில் தொலைபேசி எண்கள். இது போதாதென்று அடியில் தங்க நிறத்தில், ‘உடல் ஜெர்மனியிலிருந்து விமானத்தில் வருகிறது’ என்று போட்டு, அந்தக் கம்பெனி பேரையும் வருகிற தேதியையும் போட்டார்கள். பெருமை பீற்றிக்கொள்ள வேண்டாமா? தேவாலயச் சுவர், மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம் ஓர் இடம் விடவில்லை. கைபேசிகளிலும் சுற்றிற்று. அத்தனை பேரில் அராபா பேர் மட்டும் இல்லை.

வேலை முடிந்து சோளமாவுக் கென்கிப் பொட்டலத்தோடு வந்த அராபா, பேருந்து நிறுத்தத்தில் நின்று அதை மேலிருந்து கீழ் வரை படித்ததை நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்தாள். கென்கியைப் பிரித்தாள். பொரித்த மீனைக் கிள்ளி மிளகாய்த் துவையலில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினாள். எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது.

செர்வா என் அறைக்கு வந்து துணிக்கட்டின் மேலேயே உட்கார்ந்தாள். “பாத்தியா மாடம்? இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளா அவ? கல்லு. என் தம்பி ஒரு கல்லைக் கட்டிக்கிட்டான்.”

“எந்திரிடி, துணி கசங்குது. நீ அழுகுற அழுகைக்கு ஊரே அழுதாச்சு. அவ பங்கையும் நீயே அழுதுட்ட.”

“உன் வாய்க்கு ஊசி போட்டுத் தைக்கணும்” என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொன்சு மாமாவின் கைபேசிக்கு ஒரு கடிதம் வந்தது. கம்பெனியிடமிருந்து. மீதிப் பணத்தைத் திங்கட்கிழமைக்குள் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் விமானத்தில் பிடித்து வைத்த இடம் போய்விடும். பழைய கணக்கை மூடிவிட்டோம், புதிய கணக்குக்கு அனுப்புங்கள் என்று இருந்ததாம். மாமா அன்றைக்கு முற்றத்தில் நடந்த நடையைப் பார்க்க வேண்டும். கடைசியில் அவர்களுக்கு யார் பெரியவன் என்று தெரிந்துவிட்டது அல்லவா?

சனிக்கிழமை காலை, கோகோ என்கிற சோளக் கஞ்சி கொதிக்கிற நேரம். கடிதத்தை மாமா கடையில் அச்செடுத்து வைத்திருந்தார், ஆனால் அராபாவிடம் தரவில்லை. வங்கி விவரம் இருந்த தாளை மட்டும் நீட்டினார். “திங்கக்கிழமை உன் மேசையில செர்வா பணம் கட்டுவா. சுருக்கா அனுப்பிடு.”

அராபா கரண்டியை வைத்துவிட்டு, ஈரக்கையைப் பாவாடையில் துடைத்தாள். விரல் முதல் எழுத்தில் இறங்கிற்று. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதில் நின்றது. ஆறாவதுக்குப் போய்விட்டு மறுபடி ஐந்துக்கு வந்தது.

“மாமா, இது ஜெர்மனி இல்லயே.”

“என்ன இல்ல?”

“முன்பணம் அனுப்புன கணக்கு ஜெர்மனி வங்கி. அது டி, ஈ. இது எல், டி. லித்துவேனியா.”

“அப்படி ஒரு ஊரா? பேரைக் கேட்டாலே ஏதோ வயித்து வலி மருந்து மாதிரி இருக்கு” என்றாள் செர்வா.

“நாடுக்கா. இந்த வங்கியும் நெசமான வங்கிதான், குறியில தப்பில்ல. ஆனா ஹாம்பர்க்ல கடை வெச்சிருக்கிறவன் எதுக்கு அங்க போய் கணக்கு வெக்கணும்?”

“வெள்ளைக்காரன் நாலு நாட்டுல வெச்சிருப்பான்! உங்கிட்ட கேட்டுட்டுத்தான் வெப்பானா?” என்றார் மாமா.

“வெச்சிருக்கலாம். இல்லன்னு நான் சொல்லல. கேட்டுட்டு அனுப்புவோம்னுதான் சொல்றேன்.”

“நான் கேட்டாச்சு. கடிதாசியில இருந்த நம்பருக்கு அடிச்சேன். எவ்வளவு மரியாதையாப் பேசுனான் தெரியுமா? என் பேரைச் சொல்லி, ‘ஐயா, உங்க துக்கத்துல நாங்களும் பங்கு’ங்கிறான்.”

“திருடன் நம்பருக்கே அடிச்சு நீ திருடனான்னு கேட்டா, ஆமான்னா சொல்லுவான்?” என்றாள் அராபா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூலைக் கடிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். மாமாவின் முகம் கறுத்துவிட்டது.

அராபா தன்னிடம் இருந்த பழைய எண்ணுக்கு அடித்தாள். பதிவு செய்த குரல் ஜெர்மன் மொழியில் ஏதோ சொல்லிவிட்டு நின்றது. மறுபடி அடித்தாள். மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் ஒன்றும் கேட்காமல், காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கும் குளியலறைக்குமாக நடந்தாள். சாவு விழுந்தால் கூப்பிடுகிற அவசர எண் ஒன்றில் கடைசியாக ஓர் ஆள் கிடைத்தான். அவனுக்கு வண்டி அனுப்புவதுதான் வேலையாம். கணக்கு வழக்கெல்லாம் அலுவலகத்தில்தான். திங்கட்கிழமை அங்கே பெந்தெகொஸ்தே விடுமுறை, செவ்வாய்க்கிழமைதான் திறப்பார்கள் என்று சொல்லிவிட்டான்.

“செவ்வாய்க்கிழமை காலைல கேட்டுட்டு, அந்த நிமிஷமே அனுப்பிடறேன் மாமா.”

“செவ்வாய்க்கிழமை விமானம் உங்கப்பன் ஓட்டுறானா நிறுத்தி வெக்க?”

செர்வா எழுந்து வந்தாள். “அராபா, நான் நேராவே கேக்கறேன். என் தம்பி வந்து சேரக் கூடாதுன்னு நெனைக்கிறியா? சுவத்துல உம் பேரு இல்லன்னு இப்படி வஞ்சம் தீக்கறியா?”

அராபா அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள். அந்தக் கஞ்சியை ஒருத்தரும் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். தேவாலயத்துக்குப் போனார்கள், வந்தார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் சூப் குடித்தார்கள். நானும் நிம்மதியாக ஒரு கை தைக்கவில்லை, தைத்ததைப் பிரித்தேன். உள்ளதைச் சொன்னால் எனக்கும் குழப்பம்தான். அராபா சொல்வது சரியாகப் பட்டது. ஆனால் நாளைக்கு அந்தக் கடிதம் நிஜம் என்று ஆகிவிட்டால்? யாவ் அங்கேயே கிடப்பான், ஆயுசுக்கும் இவள் தலையில் அந்தப் பழி.

திங்கட்கிழமை செர்வா என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு அடூமுக்குக் கிளம்பினாள். எனக்குச் சிவப்பு நூல் வாங்க வேண்டியிருந்தது. ட்ரோட்ரோ வேனில் ஈரக் குடைகளுக்கும் கோழிக்கூடைக்கும் நடுவே நசுங்கிக்கொண்டு போனோம். வழியெல்லாம் யாவ் சுவரிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். செர்வா ஒவ்வொரு சுவரொட்டிக்கும் கண்ணைத் துடைத்தாள்.

வங்கியில் அராபா சீருடையில், தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செர்வா படிவத்தை நீட்டினாள். அராபா அதைப் பார்க்கக்கூட இல்லை.

“நாளைக்கு வாங்கக்கா.”

“இங்க நான் உன் நாத்தனா இல்ல. வாடிக்கைக்காரி. என் கணக்குல இருக்கிற காசு. அனுப்பு.”

“மீன் வித்த காசு அது, அக்கா. சித்தப்பா, சின்னம்மா, சந்தைப் பொம்பளைங்க எல்லாரும் போட்ட காசு. ஒரு தடவை போயிடுச்சுன்னா திரும்பி வராது. அப்புறம் எதைக் கொடுத்து அவரைக் கொண்டாருவோம்? அவரு அங்கேயே…” அத்தோடு நிறுத்திவிட்டாள். பேனாவை மூடினாள், திறந்தாள்.

“அனுப்புவியா, மாட்டியா?”

“மாட்டேன்.”

செர்வா படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். பக்கத்து மேஜையில், கடிதத்தில் கேட்ட அளவு பணத்தை எடுத்துக்கொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு வங்கிக்குள் நுழைந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். அங்கே ஒரு பையன், கழுத்துப்பட்டி கட்டினவன், எழுத்துகளைக் கணினியில் தட்டினான். திரையில் பச்சையாக ஏதோ வந்தது. “குறி சரியாத்தான் இருக்கு அம்மா. இங்க ஒரு கையெழுத்து” என்றான். விரல் வைத்துப் பார்க்கவில்லை, ஐந்தாவது ஆறாவது என்று ஒன்றும் கேட்கவில்லை. அவனைச் சொல்லி என்ன, அவன் யாவைக் கண்டானா?

செர்வா பேனாவை எடுத்தாள். அப்போது கதவு திறந்தது. அராபா. குடை இல்லை, தலைக்கட்டு நனைந்து நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது. வேலை நேரத்தில் மேஜையை விட்டு ஓடிவந்திருக்கிறாள். காவலாளி பின்னாலேயே வந்து நின்றான்.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு. அந்தக் கடிதாசிய எனக்குக் காட்டவே இல்லயே. அதைக் காட்டுங்க. பாத்துட்டுப் போயிடறேன். அப்புறம் உங்க இஷ்டம்.”

செர்வா என்னைப் பார்த்தாள். நான் அவள் பைக்குள் கையை விட்டு அந்தக் காகிதத்தை எடுத்து நானே நீட்டிவிட்டேன். இதற்கெல்லாம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

அராபா கடிதத்தின் தலைப்பில் விரலை வைத்தாள். சத்தமாகப் படித்தாள். “மதிப்புக்குரிய குடும்பத் தலைவர் பொன்சு அவர்களுக்கும், சகோதரி செர்வா அவர்களுக்கும்…” தம்பிமார், மருமகன்மார் என்று பேர்கள் வரிசையாக வந்தன. கடைசிப் பேர் வந்ததும் விரல் நின்றது. நீர் சொட்டித் தாள் நனைந்தது.

“எம் பேரு எங்கக்கா?”

செர்வா தாளை எட்டிப் பார்த்தாள்.

“அந்தக் கம்பெனிக்கு இந்தக் குடும்பத்துல ஒருத்தியத்தான் தெரியும். கையெழுத்துப் போட்டது நான். முன்பணம் அனுப்புனது நான். அவருக்கு எந்த நெறச் சட்டை போடணும், எந்தப் பல்லு ஒடஞ்சிருக்குன்னு அவங்க கேட்டது எங்கிட்ட. மாமா பேரோ உங்க பேரோ அவங்களுக்குத் தெரியவே தெரியாது. இதுல எல்லார் பேரும் இருக்கு, எம் பேரு மட்டும் இல்ல. இதே வரிசையில, என்னை மட்டும் விட்டுட்டு, வேற எங்கயாவது நீங்க பாத்திருக்கீங்களா?”

நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, எதிர்ச்சுவரில், கோட்டுப் போட்டுக்கொண்டு யாவ் நின்றான். பொன்சு, செர்வா, தம்பிமார், மருமகன்மார். அதே வரிசை. அடியில் தங்க எழுத்தில் கம்பெனி பேர். எவனோ ஒருத்தன் அந்தச் சுவரொட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறான்.

செர்வாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்து பேனா விழுந்தது. “ஐயோ, என் தம்பீ” என்று அந்த வங்கியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். கழுத்துப்பட்டிப் பையன் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். அராபா அதை வாங்கிச் செர்வாவுக்குக் கொடுத்துவிட்டு, “மேனேஜர் என்னைத் தேடுவாரு” என்று மழைக்குள் ஓடினாள்.

செவ்வாய்க்கிழமை கம்பெனியில் பேசினார்கள். பழைய கணக்கேதான், எதையும் மாற்றவில்லை, நாங்கள் யாருக்கும் கடிதம் எழுதவில்லை என்றார்கள். அராபா தன் மேஜையிலிருந்தே மீதிப் பணத்தை அனுப்பினாள். ஆனால் பெட்டிக்கு வேண்டிய காகிதங்கள் அங்கே தாமதமாகி, வைத்த தேதி தள்ளிப்போயிற்று. புதிய சுவரொட்டி அடிக்க வேண்டும்.

பொன்சு மாமா அன்றைக்கு அந்தப் பழைய நடை நடக்கவில்லை. அடுப்படி வாசலில் வந்து, உட்காரவும் தெரியாமல் போகவும் தெரியாமல் நின்றார். தாய்மாமன் ஒருவர் மருமகன் பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவரும் கேட்கவில்லை.

“அச்சாபீஸ்காரன் நிக்கிறான். உம் பேரை எப்படிப் போடணும்னு கேக்கறான். முழுப் பேரையும் சொல்லு. என் பேருக்குக் கீழயே போடச் சொல்றேன்.”

அராபா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “வேணாம் மாமா.”

“கோவமா?”

“கோவம் இருக்கு. ஆனா அதுக்காக இல்ல. இப்ப நம்மள ஏமாத்தப் பாக்கறவனுக்குத் தெரியாத பேரு எம் பேரு ஒண்ணுதான். அவரு வந்து இறங்குற வரைக்கும் அது எந்தச் சுவத்துலயும் வேணாம். நம்பரும் வேணாம், கம்பெனி பேரும் வேணாம். வந்ததுக்கு அப்புறம் போடுங்க.”

மாமா தலையாட்டினார். பேர்கள் எதுவுமே இல்லாமல், வெறும் படமும் தேதியுமாக ஒரு சுவரொட்டி டாஃபோவில் ஒட்டியது அதுதான் முதல் தடவை. ஜனங்கள் குடும்பத்தில் சண்டையோ என்று வாயைப் பிளந்தார்கள். பிளக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அராபாவுக்கும் குடும்பத்துத் துணியில் ஒன்று தைக்கச் சொல்லிச் செர்வாவே அளவு ரவிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தாள். “நல்லாத் தையி மாடம், தொளதொளன்னு விட்டுறாத” என்று மிரட்டல் வேறு. நான் தைத்ததிலேயே அந்தத் தையல்தான் நேராக வந்தது.

யாவ் ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்து சேர்ந்தான். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சங்கு மாதிரி ஒரு ஒலியெழுப்பிக்கொண்டு வந்தது. தெருவே கறுப்பும் சிவப்புமாக நின்றது. செர்வா மண்ணில் புரண்டாள். பெட்டியை இறக்கி, திறந்து, மாமா யாவின் முகத்தைப் பார்த்து, “எங்க பிள்ளைதான்” என்று சொன்ன பிறகு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். கையில் பசை வாளி. வயசான மனுஷன், முட்டி வலிக்காரர், தானே குனிந்து சுவரில் பசையைத் தடவி, கக்கத்தில் சுருட்டி வைத்திருந்த ஒன்றை ஒட்டினார். புதிய சுவரொட்டி. எப்போது அடித்தாரோ, ஒருத்தரிடமும் சொல்லவில்லை. எல்லாருக்கும் முதலில், தன் பேருக்கும் மேலே, ‘மனைவி’ என்று போட்டு அராபா பேர் இருந்தது.

“வாம்மா. வந்து பாரு. தப்புக் கிப்பு இருந்தா சொல்லு” என்றார்.

அராபா வந்து நின்றாள். எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தோம். அவள் பேரின் முதல் எழுத்தில் ஆள்காட்டி விரலை வைத்தாள். பசை இன்னும் ஈரமாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி அழுத்தி நகர்த்திக்கொண்டே போனாள். நடுவில் ஒரு முறை நின்றது, மறுபடி நகர்ந்தது. கடைசி எழுத்துக்கு வந்து விரலை எடுத்தாள்.

“சரியா இருக்கு, மாமா” என்றாள். “அனுப்பலாம்.”

சொல்லி முடிக்கவில்லை, அந்தச் சுவரோரமே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அவள் அழுதாள் பாருங்கள், செர்வா தன் அழுகையை நிறுத்திவிட்டு ஓடிவந்து அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.